ஒரு பழைய எம்.ஜி. காரும் எனது நிலையான வைப்பும்

2025 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் நுவரெலியாவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பத்திரிகைத் துறையில் என்னோடு கால் நூற்றாண்டு காலம் குப்பை கொட்டியவர். "நீர் கல்யாண வீட்டிலும் மரண வீட்டிலும் ஒரே கதையைச் சொல்லுவீரே, அந்தச் சிவப்புக் கார், அதைப் போல ஒன்று இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. வந்து பாரும். பார்த்தால் பைத்தியம் தெளியும்" என்றார்.

தெளியவில்லை. முற்றிவிட்டது.

கதையைக் கேட்டிராதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அப்பா பெரிய துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். பூப்பாத்தி கொத்துவது, விறகு பிளப்பது, குளிக்க வெந்நீர் போடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் துரையின் காரைக் கழுவித் துடைப்பது. துரைக்கு இரண்டு வாகனங்கள். மலைக்குப் போய்வர ஒரு லேண்ட் ரோவர். ரதல்ல கிளப்புக்குப் போய்வர, இரண்டே இருக்கைகள் கொண்ட, திறந்த மேனியான எம்.ஜி. கார். துரை கிளப்பிலிருந்து பிந்தி வந்து உறங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு காலையில், அப்பா என்னைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். தோல் இருக்கையின் குளிர்ச்சி, பெற்றோலும் மெழுகும் கலந்த வாசனை, எட்டுக்கோணத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள். முன்பலகையின் நடுவில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். கார் கூவியது. அப்பா சிரித்தார். கதை அவ்வளவுதான். ஆனால் அறுபத்து நான்கு ஆண்டுகளாக அந்தச் சிரிப்பை நான் சுமந்து திரிகிறேன்.

இனி காரைப் பற்றி. விற்பனைக்கு வந்தது எம்.ஜி.ஏ. என்னும் மாதிரி. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்ற சிற்றூரில் 1955 முதல் 1962 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் ஓர் இலட்சத்துக்குச் சற்று அதிகமான கார்கள். அவற்றுள் பிரித்தானியாவிலேயே விற்கப்பட்டவை ஆறாயிரத்துக்கும் குறைவு. மிகுதி அனைத்தும் கப்பலேறின, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. போருக்குப் பின்னர் டொலருக்குத் தவித்த இங்கிலாந்து, 'ஏற்றுமதி செய், இல்லையேல் செத்துப்போ' என்ற நிலையில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்துத் தேநீர் நினைவுக்கு வந்தது. முதல்தரத் தூள் முழுவதும் பெட்டியில் அடைபட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்விடும். பறித்தவர்கள் குடித்தது கடைசியில் மிஞ்சிய மண்டித்தூள். அபிங்டன் தொழிலாளியும் தான் பூட்டிய காரில் ஏறிப் போயிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். அந்தத் தொழிற்சாலையும் 1980இல் மூடப்பட்டுவிட்டது.

மலைநாட்டுக்கு இத்தகைய கார்கள் வந்தது தோட்டத்துரைமாரின் புண்ணியத்தில். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைச் சரிவில் வளைந்து ஏறும் பாதையில், கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி. ஏப்ரல் வசந்த காலத்தில் அது நடக்கும்போது, வேலிக்கு அப்பால் கூடைக்காரப் பெண்கள் கொழுந்தை மறந்து நின்று பார்ப்பார்களாம். கங்காணியும் பார்ப்பதால் எவரும் ஏசுவதில்லையாம். என் அம்மா சொன்னது.

நான் தனியே போகவில்லை. ஹட்டனில் ஒரு சிங்கள மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. ஒஸ்டின், மொரிஸ் வண்டிகளில் பழகிய கை. எங்களைவிட நல்ல மலையகத் தமிழ் பேசுவார். அவரையும் ஏற்றிக்கொண்டு, தலவாக்கலை, நானுஓயா வழியாக, மழைத்தூறலில் எனது சிறிய ஜப்பான் காரில் போய்ச் சேர்ந்தேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரும்பை இரண்டு பருவமழைகளும் பங்குபோட்டுத் தின்னும். கிரகரி வாவிக்கு மேலே ஒரு வீட்டின் கொட்டகையில், தார்ப்பாயை உரித்தபோது, அது நின்றது. இரத்தச் சிவப்பு. தாழ்ந்து, நீண்டு, முன்சில்லுக் காப்புகள் அலைபோல எழுந்து விழுந்து. அழகைப் பற்றி இதற்குமேல் எழுதினால் கிழவனுக்கு அடுக்காது.

பாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். பழைய கார் வாங்குவோர் அனைவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். தகரம் உக்கிய இடத்தில் பட்டி அடைத்து வர்ணம் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது; காந்தத்துக்குத் தெரியும். கதவில் வைத்தார், ஒட்டவில்லை. பொனட்டில் வைத்தார், ஒட்டவில்லை. டிக்கி மூடியிலும் அதே கதை. "ஐயா, முழுக் காரும் பட்டிதான்" என்று என் காதில் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். முதல் நாள் இரவு முழுவதும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த மூன்றும் இந்த மாதிரியில் அலுமினியத்தால் ஆனவை. காந்தம் ஒட்டினால்தான் பிழை. "நாப்பது வருஷமா ஸ்பனர் பிடிக்கிறேன், பேப்பர்காரர் எனக்குப் பாடம் சொல்றாரு" என்று பாஸ் சிரித்தார்.

அவரது முறை அடுத்து வந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். இந்தக் காரின் தரை பலகை! ஒட்டுப் பலகையை வெட்டிச் செஸி மீது பூட்டியிருக்கிறார்கள். பலகை புதியது; பரவாயில்லை. இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பற்றரிகள் இருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஒன்றை வைத்திருந்தார்கள்; அதுவும் பரவாயில்லை. ஆனால் பழைய பற்றரிகளின் அமிலம் பல்லாண்டு காலம் சொட்டியிருந்த இடத்தில் பாஸ் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார். பிஸ்கற்றில் ஊன்றியதுபோல் இறங்கியது. பிறகு படுத்துக்கொண்டு செஸியின் இரு பக்க இரும்புப் பெட்டிகளையும் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'ணங்' என்றது. ஓரிடத்தில் 'தொப்' என்றது. 'தொப்' என்ற இடங்கள் நான்கு.

"என்ன செய்யலாம் பாஸ்?"

"பொடிய முழுசா தூக்கணும் ஐயா. தூக்குனா இன்னும் என்னென்ன தெரியுமோ."

எஞ்சினும் அதனுடையதன்று. எம்.ஜி.ஏ.யின் 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வேறு பல வாகனங்களிலும் பூட்டப்பட்டது. நம்மூர் ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் அதுவே. இந்தியாவின் அம்பாசடரில் பல ஆண்டு காலம் ஓடியதும் அதன் உடன்பிறப்பே. எவரோ ஒருவர், எப்போதோ, ஒஸ்டினிலிருந்து கழற்றி இதில் வைத்திருக்கிறார். இரட்டைக் கார்பரேட்டருக்குப் பதிலாக ஒன்று. சுத்தக்காரர்கள் இதைக் குற்றமாகக் கருதுவர். எனக்கு அது குற்றமாகப் படவில்லை. உதிரிப்பாக இறக்குமதிக்கு வழியில்லாதிருந்த எழுபதுகளில் இந்நாட்டில் ஒரு கார் உயிரோடிருந்ததே அப்படித்தான்.

இலக்கத் தகடு மட்டும் பழையது. '1 ஸ்ரீ' வரிசை. சிங்கள ஸ்ரீ. 1957 முதல் வாகனங்களில் அந்த எழுத்து கட்டாயமானபோது எழுந்த எதிர்ப்பையும், வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதியவர்கள் சிறை சென்றதையும் வாசகர் அறிவர். அந்த இயக்கம் மலைக்கும் ஏறியது. 1958இல் பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையாகினர். எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரமல்ல என்றாலும், செய்தி வந்த அன்றிரவு லயத்தில் எவரும் விளக்கேற்றவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலத் துரையின் காரைக் கழுவினார். தகட்டிலிருந்த ஸ்ரீயையும் சேர்த்துத்தான். ஆங்கிலேயன் செய்த கார், ஆங்கிலேயனுக்குச் சொந்தம், சிங்கள எழுத்து, துடைத்தது தமிழன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தத் தமிழன் எந்த நாட்டுக்காரனும் அல்லன். காருக்கு இந்நாட்டில் ஒரு பதிவு இருந்தது; அப்பாவுக்கு இருக்கவில்லை. 1981இல் அவர் இறந்தபோதும் இருக்கவில்லை.

"உட்கார்ந்து பாருங்கள்" என்றார் உரிமையாளர். வெளியே கைப்பிடி கிடையாது. கதவுக்குள் கைவிட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். எழுபது வயது முழங்கால்களை மடக்கி உள்ளே இறங்கினேன். அப்போது ஒன்று நடந்தது. ஹோர்ன் அடிக்க எந்த ஓட்டுநரும் ஸ்டியரிங்கின் நடுவில் அமுக்குவார். என் கை தானாக முன்பலகையின் நடுவுக்குப் போயிற்று. அங்கே பொத்தான் இருந்தது. இந்த மாதிரியில் ஹோர்ன் அங்கேதான். அமுக்கினேன். ஓசை வரவில்லை. லூக்காஸ் நிறுவனத்தின் மின்சாமான்களைப் பற்றி இங்கிலாந்திலேயே உலவும் நகைச்சுவைகள் ஏராளம். அவை அனைத்தும் உண்மை போலும். ஆனால் ஆறு வயதுக் கை மறக்கவில்லை.

அப்படியானால் இது அதே காரா? பத்திரிகைக்காரன் புத்தி விழித்துக்கொண்டது. பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். எழுபதுகளின் பிற்பகுதியில் எடுத்த மாற்றுப் பிரதி. அதற்கு முந்திய உரிமையாளர்களின் பெயர் எதுவும் இல்லை. செஸி இலக்கத் தகடு பிழைத்திருந்தது. அதிலுள்ள குறியீட்டில் மூன்றாவது எழுத்து, தொழிற்சாலையில் பூசிய நிறத்தைக் குறிக்கும். எச், டி, ஏ. 'ஏ' என்றால் கறுப்பு. கதவிடுக்கில் பாஸ் நகத்தால் சுரண்டினார். சிவப்பின் அடியில் கறுப்பு வந்தது.

என் கார் சிவப்பு. ஆகவே இது அதுவன்று. ஏமாற்றத்தோடு ஹட்டன் திரும்பினேன். ஆனாலும் வாங்கும் ஆசை போகவில்லை. அதுதான் விசித்திரம்.

கேட்ட விலை 65 இலட்சம் ரூபா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டில் நான்கு சில்லு பூட்டிய எதுவும் பொன்னாயிற்று. என் நிலையான வைப்பில் பாதிக்கு மேல் போய்விடும். பொடியைத் தூக்கிச் செஸியைச் சரிசெய்ய எவ்வளவு என்று பாஸிடம் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் வேறொரு வழி சொன்னான். இந்த ஆங்கிலக் கார்களின் குணத்தை வைத்து 1989இல் ஜப்பானியர் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று ஒன்று செய்தார்களாம். அதே உருவு, ஆனால் எண்ணெய் ஒழுகாது, மழையில் நிற்காது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள். "அப்பா, ஓட்டுறதுக்கு ஆசைன்னா அதப் பாருங்க." நியாயமான யோசனை. ஆனால் எனக்கு ஓட்டுவதற்கா ஆசை? ஹட்டன் மழையில், கண்ணாடிச் சன்னலே இல்லாத, பக்கத்தில் திரைகளைச் செருகிக்கொள்ளும் காரை எத்தனை நாள் ஓட்டிவிட முடியும்?

இன்னொரு கணக்கும் உறுத்தியது. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது முதல் 2021இல் கைகூடியது வரை எத்தனை பத்தி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவை எடுத்து, மாதம் 25 நாள் பேர் விழுவதாக வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். அந்தக் கார் ஒரு கொழுந்து பறிப்பவளின் 16 வருட உழைப்பு. கணக்கை முடித்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். இப்படிக் கணக்குப் பார்த்தால் எனது ஜப்பான் காரையும்தான் விற்க வேண்டும்.

அந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். எழுபத்தாறு வயது. ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து பறித்தவள். எத்தனையோ முறை கூப்பிட்டும் ஹட்டனுக்கு வராமல், அந்தத் தோட்டத்திலேயே மகன் வீட்டில் இருக்கிறாள். சும்மா பேச்சுக்குத்தான் காரைப் பற்றிச் சொன்னேன். "எல்லாம் பொருந்துது அக்கா. ஆனா இது கறுப்பு. நம்ம துரை கார் சிவப்பு."

"யாரு சொன்னா? துரை காரு கறுப்பு. சிவப்புக் காரு டாக்டரையாவோடது. கறுப்பை அப்பா துடைச்சு முடிச்சா அதுல மூஞ்சி பாத்து நான் பின்னல் போட்டுக்குவேன்."

அறுபத்து நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையில் முதல் பிழை. பேச்சற்று இருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "நீ அமுக்குன ஹோர்ன மறக்க முடியுமா? அன்னையோட போச்சே பங்களா வேல."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். சுருக்கம் இதுதான்: ஹோர்ன் ஓசைக்குத் துரை எழுந்து வந்தார். ஏசவில்லை, அடிக்கவில்லை, சன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். திங்கட்கிழமைப் பெரட்டில் அப்பாவின் பெயரை மலைக்குப் போட்டுவிட்டார்கள். கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து அனுப்பினார்கள். சாகும்வரை கவ்வாத்து மலைதான். பங்களாவிலிருந்து வந்துகொண்டிருந்த பழைய உடுப்பு, பால், பாண் எல்லாம் நின்றது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடை தூக்கியது அடுத்த வருடம்.

"ஆனா அப்பா சிரிச்சாரே அக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சிரிச்சாரா? வாயைப் பொத்திக்கிட்டாரு."

அதன் பிறகு காரின் மீது வெறுப்பு வந்திருக்கும் என்று வாசகர் எண்ணலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். உண்மை வேறு. முன்பு ஆசையாக இருந்தது இப்போது ஆத்திரமாயிற்று. வாங்கியே தீர வேண்டும். செஸி உக்கினால் உக்கட்டும். கறுப்பு வர்ணம் அடித்து, அதே தோட்டத்துப் பாதையில், அதே பங்களா வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஹோர்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். (அந்தப் பங்களா இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. ஹோர்ன் அடித்தால் ஒருவேளை பரிசாரகர் வந்து அறை வேண்டுமா என்று கேட்பார்.) அது அதே கார் என்பதற்குச் சான்றும் முழுமையாக இல்லை. கறுப்பு எம்.ஜி. மலைநாட்டில் ஒன்றுதான் இருந்ததா? செய்தி ஆசிரியனாக இருந்தபோது இவ்வளவு ஆதாரத்தோடு எவராவது வந்திருந்தால் அச்சுக்கு விட்டிருக்க மாட்டேன். ஆனால் என் பணத்துக்கு நான் ஆசிரியன் அல்லவே.

வங்கிக்குப் போவதற்கு முதல் நாளிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பணத்தைப் பற்றிப் பேசுவாள் என்று பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். பணத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

"சரிங்க, வாங்குங்க. உங்களுக்குக் குனிய முடியாது. அத யாரு கழுவுறது?"

"யாராவது ஒரு பையன..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. கீழ் லயத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்ட வருகிற பையனின் முகம் வந்தது. அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வருவான். ஆறோ ஏழோ வயது.

மறுநாள் உரிமையாளரை அழைத்து, செஸி சரியில்லை, மெக்கானிக் வேண்டாம் என்கிறார் என்று கூறினேன். அதுவும் பொய்யில்லை. அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. இரண்டு கிழமைக்குள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, பேரம் பேசாமல் வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனாராம். தகட்டின் மூன்றாவது எழுத்தைப் பற்றி நான் கூறியதை அவரிடம் சொன்னாராம். அவர் மகிழ்ந்து, சிவப்பை முழுவதும் உரித்துவிட்டுப் பழைய கறுப்பையே பூசப்போவதாகக் கூறினாராம்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நல்லாத் துடைச்சா மூஞ்சி தெரியும்" என்றாள்.